டிக்கெட் யார் கையில், பணம் யாருக்கு?

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். அதனால் ஆசை ஒன்றும் வற்றிவிடவில்லை. ரெட்டியார்சத்திரம் வழியாகப் போகும் பழனி ரோடு ஒட்டன்சத்திரம், உடுமலை, பொள்ளாச்சி என்று நீண்டு கேரள எல்லையில் கொண்டுபோய் விடுகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் காய்கறி லாரிகளும் அந்தப் பக்கம்தான் போகின்றன. போகிறவரிடம் காசு கொடுத்து “எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாப்பா” என்று சொல்லிவிடுவதும், நாலு பேர் பணம் போட்டு ஒரு பம்பர் டிக்கெட் எடுப்பதும் இந்த மாதிரி ஊர்களில் சகஜம். பரிசு விழாதவரை வம்பில்லை. விழுந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு சட்டம் பேசுவார்கள். அதில் எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொள்ளும் சட்டம் ஒன்று உண்டு: “டிக்கெட் யார் கையில இருக்கோ, பணம் அவனுக்குத்தான்.” இது பாதி உண்மை. மற்ற பாதியை நம்பி உரிமையை விட்டுக்கொடுத்தவர்களும் இருப்பார்கள், நண்பனை ஏமாற்றத் துணிந்தவர்களும் இருப்பார்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. லாட்டரித் துறை யாரிடம் பணம் கொடுக்கும் என்பது ஒன்று. கொடுத்த பணம் யாருக்குச் சேரும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஊர்ப்பேச்சு சொல்லும் பதில் சரி. பின்பக்கம் பெயர், முகவரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அசல் டிக்கெட்டை ஒப்படைப்பவரைத்தான் துறை பார்க்கும். யார் காசில் எடுத்தது, யாருக்காக எடுத்தது என்றெல்லாம் துருவிக்கொண்டிருக்க அதனால் முடியாது. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனை நீட்டுபவரிடம் வண்டியை விடுகிறார்கள், அதனால் வண்டி அவருடையதாகிவிடுமா? சொந்தம் யாருக்கு என்ற இரண்டாவது கேள்வி சிவில் கோர்ட்டுக்கு உரியது. அங்கே காகிதம் ஒரு சாட்சி மட்டுமே.

இதை நான் என் ஊகத்தில் சொல்லவில்லை. லாட்டரி டிக்கெட் என்பது என்ன என்று உச்ச நீதிமன்றமே இரண்டு முறை யோசித்திருக்கிறது. விற்பனை வரி போடலாமா என்ற சண்டையில், எச். அன்ராஜ் வழக்கில், குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமையைப் பொறுத்தவரை டிக்கெட் ஒரு சரக்குதான் என்று முதலில் சொன்னது. 2006-இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. டிக்கெட்டில் விலைபோவது பரிசைக் கேட்டுப் பெறும் வாய்ப்பு மட்டும்தான், கையில் இருக்கும் தாள் அந்த உரிமைக்கு அத்தாட்சி என்றது அந்தத் தீர்ப்பு. வரித் தகராறில் பிறந்த தீர்ப்புதான் என்றாலும் நம் விஷயத்துக்கு அதில் வேண்டியது இருக்கிறது. சொத்து தாள் அல்ல, உரிமை. அந்த உரிமை பிறப்பது டிக்கெட் எடுக்கும்போது, யார் பணத்தில், யாருக்காக, என்ன பேச்சில் எடுத்தார்கள் என்பதிலிருந்து. கீழே கிடந்த டிக்கெட்டை எடுத்தவருக்கும் இதே பதில்தான். கண்டெடுத்தவருக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு அவரை அடுத்தவர் பொருளைக் காப்பவராகத்தான் வைக்கிறது. உரியவர் யாரென்று தெரிந்தும் பரிசை வாங்கி விழுங்கினால் அது கிரிமினல் வழக்கு வரை போகும்.

2021 மார்ச்சில் ஆலுவா அருகே நடந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். விற்காமல் மிஞ்சிய சம்மர் பம்பர் டிக்கெட்டுகளைப் பற்றி ஒரு பெண் வியாபாரி வாடிக்கையாளரிடம் போனில் சொல்கிறார். அவர் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, எடுத்து வையுங்கள், 200 ரூபாயைப் பிறகு தருகிறேன் என்கிறார். அந்த டிக்கெட்டுக்கே 6 கோடி விழுந்தது. வியாபாரி அதை வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நாடே அவரைப் புகழ்ந்தது, புகழ வேண்டியதுதான். ஆனால் தன்னுடைய 6 கோடியை அவர் தானம் செய்தது போலப் பேசியது பிழை. எண் பேசி, விலை பேசி, கடன் சொல்லி, அவர் சம்மதித்த நொடியிலேயே ஒப்பந்தம் முடிந்தது என்பதே என் வாசிப்பு. டிக்கெட் அவர் கையில் இருந்தாலும் அந்த நொடி முதல் அது அடுத்தவருடையது. அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் போன் பேச்சை நிரூபிக்க எதிராளியிடம் அனேகமாக ஒன்றும் இருந்திருக்காது என்று தெரிந்தும் அவர் கொடுத்தார்.

இங்கேதான் முதல் மறுப்பு வரும். நிரூபிக்க முடியாத உரிமை இருந்தென்ன, போயென்ன? நியாயமான கேள்வி. அதே 2021-இல், 12 கோடி ஓணம் பம்பரில், துபாயில் வேலை பார்த்த வயநாட்டுக்காரர் ஒருவர் தனக்குத்தான் பரிசு என்றார். நண்பரிடம் சொல்லி டிக்கெட் எடுத்ததாகவும், வாட்ஸ்அப்பில் அதன் படம் வந்ததாகவும் சொன்னார். கடைசியில் கொச்சி மரடைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அசல் டிக்கெட்டோடு வந்தார். தாளைப் பார்க்காமல் படத்தையும் பேச்சையும் நம்பினால் இதுதான் கதி. அதனால் அத்தாட்சி தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. அத்தாட்சி தாள் ஒன்றோடு முடிந்துவிடுவதில்லை என்கிறேன். பணம் அனுப்பிய ஜிபே பதிவு, குலுக்கலுக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்ட எண், யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற குறிப்பு, தொடர்ந்து சேர்ந்து எடுத்த பழக்கம், எல்லாமே சிவில் கோர்ட்டில் சாட்சிதான். 1955-இல் இங்கிலாந்தில் சிம்ப்கின்ஸ் எதிர் பேஸ் வழக்கில், ஒரு வீட்டுப் பாட்டியும் பேத்தியும் அங்கே குடியிருந்த பெண்ணும் வாராவாரம் ஒரே பெயரில் பத்திரிகைப் போட்டிக்கு எழுதி அனுப்பினார்கள். 750 பவுண்டு விழுந்ததும், பெயர் என்னுடையது என்றார் பாட்டி. எழுத்தில் ஒன்றும் இல்லாமலே குடியிருந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது கோர்ட்.

அடுத்த மறுப்பு கனமானது. சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவே சொல்லும்போது, பரிசைப் பங்கு போடும் பேச்சு மட்டும் எப்படிச் செல்லும்? அமெரிக்காவில் இந்த வாதம் ஜெயித்திருக்கிறது. லாட்டரி இல்லாத அலபாமாவில், பக்கத்து மாநிலமான ஃபுளோரிடாவின் டிக்கெட்டுக்கு, ஒரு வாஃபிள் ஹவுஸ் உணவகப் பணிப்பெண்ணுக்கு 1999-இல் ஒரு கோடி டாலர் விழுந்தது. விழுந்தால் பகிர்ந்துகொள்வதாகப் பேச்சு என்று உடன் வேலை பார்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ஜூரி அவர்களை நம்பியது. மாநில உச்ச நீதிமன்றம், பேச்சு உண்மையாகவே இருந்தாலும் சூதை அடிப்படையாகக் கொண்டது, செல்லாது என்று தள்ளிவிட்டது. தடை செய்த மாநிலம், பக்கத்து மாநில டிக்கெட் என்று நம் நிலைமையை அச்சடித்தது போல இருக்கிறது. ஆனால் இந்தியச் சட்டம் வேறு வழியில் போயிற்று. 1959-இல் கெருலால் பரேக் வழக்கில், ஹாப்பூர் வியாபாரிகளோடு கோதுமை விலையில் பந்தயம் கட்ட இருவர் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். நஷ்டம் வந்ததும் ஒருவர் பங்கு கொடுக்க மறுத்தார். பந்தயம் செல்லாது, ஆனால் சட்டவிரோதம் அல்ல, ஆகவே அதைச் சுற்றிக் கூட்டாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அரசே நடத்தும் கேரள லாட்டரியை முறையாகக் கேரளாவுக்குள் வாங்கி, நாலு பேர் பங்கு பேசியிருந்தால், அந்தப் பேச்சின்மேல் வழக்குப் போட இடமிருக்கிறது என்பதே இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

முறையாக வாங்கி என்ற நிபந்தனை சும்மா இல்லை. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி, கேரள எல்லைக்குள் இருக்கும் வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. அதைச் சேர்ந்து எடுத்த நால்வரும் தமிழ்நாட்டுக்காரர்கள். டிக்கெட் தமிழகத்துக்குள் கள்ளத்தனமாக விற்றது, பரிசு தரக்கூடாது என்று கேரள அரசுக்குப் புகார் போயிற்று. வாளையாரிலேயே வாங்கியதாக அவர்கள் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்காரருக்குக் கேரள லாட்டரி செல்லாது என்று அப்போது பேசியவர்கள் சட்டத்தைத் தலைகீழாகப் படித்தவர்கள். 1998-இன் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிமாநில லாட்டரியின் விற்பனையைத் தடுக்கத்தான் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. வாங்குபவர் எந்த ஊர் என்பது பொருட்டல்ல, எங்கே வாங்கினார் என்பதே பொருட்டு. நம் ஊரில் வெள்ளைத் தாளில் எழுதித் தரும் ‘மூணு நம்பர்’ கதை வேறு. அது எந்த அரசின் லாட்டரியும் இல்லை, நடத்துவது குற்றம். அதில் விழுந்ததற்கு எந்தக் கோர்ட்டிலும் யாரும் உரிமை கேட்க முடியாது.

பங்கு என்றதும் முழு 25 கோடியை நாலால் வகுத்துச் சண்டை போடுவதும் வீண். ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் கழித்தால் 22.5 கோடி. அதில் வரி 30 சதவீதம் பிடித்தால் 15.75 கோடி. சர்சார்ஜும் செஸ்ஸும் அதற்கு மேல்.

தகராறு வந்துவிட்டால் பெரும்பாலானோர் செய்வது டிக்கெட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு பஞ்சாயத்துப் பேசுவது. இதைவிட மோசமான யோசனை கிடையாது. கேரளாவில் பரிசு கேட்க 30 நாள் கெடு. உரிய காலத்தில் கேட்காத பரிசு அந்த மாநில அரசுக்கே சேரும் என்கிறது 1998 சட்டத்தின் நாலாவது பிரிவு. ஆகவே டிக்கெட்டை யாராவது ஒருவர் பெயரிலோ, முடிந்தால் எல்லோரும் சேர்ந்தோ முதலில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தவர் பணத்தைக் கரைத்துவிடுவார் என்ற பயம் மற்றவருக்கு இருந்தால், பணம் கைமாறுவதற்கு முன் சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்கலாம்.