காதுக்கு ஒரு பிரிப்பு, கருத்துக்கு ஒரு பிரிப்பு

கேள்வி: ஸ்பானிஷ் கற்று வருகிறேன். 'ஒதோர்ரினோலாரின்கோலோஹீஆ' மாதிரி நீண்ட சொற்களைப் பார்த்தாலே திணறுகிறது. எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்: காது, மூக்கு, தொண்டை மருத்துவத்துக்குத்தான் அந்தப் பெயர். ரோமன் எழுத்தில் 20 எழுத்து. ஸ்பானியர்களே அந்த மருத்துவரை 'ஒதோர்ரினோ' என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள்.

முதலில் அசை பிரியுங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போகும். 'ப்ர', 'த்ர', 'க்ல' போன்ற கூட்டுகளும் இரட்டை ரகரமும் பிரியமாட்டா. இப்படிப் பார்த்தால் ஒ-தோ-ர்ரி-னோ-லா-ரின்-கோ-லோ-ஹீ-ஆ என்று 10 அசைகள். ஒன்பதாவதை அழுத்திச் சொல்லுங்கள், உச்சரிப்பு வந்துவிடும்.

அடுத்தது பொருள். 'ஒதோ' காது, 'ரினோ' மூக்கு, 'லாரின்கோ' குரல்வளை, 'லோஹீஆ' இயல். எல்லாமே கிரேக்க வேர்கள். காண்டாமிருகத்துக்கு ரைனோ என்ற பெயர் வந்ததும் இந்த மூக்கால்தான்.

'ரினோ' தனியாக நின்றால் ஒரே ரகரம். நடுவில் வந்ததும் இரண்டாகிவிட்டது, கவனித்தீர்களா? நம் ரகர றகரம் போல ஸ்பானிஷிலும் மென்மையாக ஒன்று, அழுத்தமாக ஒன்று உண்டு. சொல்லின் முதலில் வரும் ரகரம் எப்போதும் அழுத்தமானது. உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக எழுதினால் மென்மையாகிவிடும். அழுத்தம் குறையாமல் இருக்கவே இரட்டிக்கிறார்கள். 'அவுதோ' (தன்), 'ரெத்ராதோ' (உருவப்படம்) சேர்ந்து 'அவுதோர்ரெத்ராதோ' ஆவதும் இப்படியே. நீண்ட கூட்டுச்சொல்லில் இரட்டை ரகரத்தைப் பார்த்தால், ஒட்டு அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு பிரிப்பும் எப்போதும் ஒத்துப்போகாது. ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் ஹகரம் ஒலிக்காது; அசையாக எ-லி-கோப்-தெ-ரோ. பொருளோ 'எலிகோ' (சுருள்), 'ப்தெரோ' (இறகு). 1861இல் பிரான்ஸின் போந்தோன் தாமேகூர் கிரேக்க வேர்களிலிருந்து கட்டிய சொல் இது. அசை பிரிக்கும்போது இறகுக்கான வேரே இரண்டாக உடைகிறது. மக்கள் காதில் விழுந்தபடி 'எலி'யோடு வெட்டிவிட்டார்கள்; ஹெலிகாப்டர் இறங்கும் இடம் இன்று 'எலிபுவெர்தோ'.

கேள்வி: வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் எந்தப் பிரிப்பு சரி? இதையெல்லாம் வகுத்தது யார்?

பதில்: 1492இல் சலமான்காவில் அச்சான நெப்ரிஹாவின் இலக்கணமே தொடக்கம். அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று அசைக்கும் ஒலிநயத்துக்கும் உரியது. இன்று வழிகாட்டுவது 1713இல் தோன்றிய அரச ஸ்பானிய அகாடமி. வரி முடிவில் பொதுவாக அசைப் பிரிப்புதான். ஆனால் 'நோசோத்ரோஸ்' (நாங்கள்) போல உறுப்புகள் தெளிவாகத் தெரிந்தால் நோ-சோத்ரோஸ், நோஸ்-ஓத்ரோஸ் இரண்டும் சரி. ஒற்றை உயிரெழுத்தை மட்டும் வரிக் கடைசியில் தனியே விடக்கூடாது.

தடகள வீரரைக் குறிக்கும் சொல்லை ஸ்பெயினில் பெரும்பாலும் அத்-லே-தா என்றும், மெக்சிகோவில் அ-த்லே-தா என்றும் பிரிக்கிறார்கள். அகாடமி இரண்டையும் ஏற்கிறது. உங்கள் ஆசிரியர் எந்த ஊர்க்காரரோ, அந்த வழக்கிலேயே பழகுங்கள்.