படம் எடுக்க யோசனை எங்கே கிடைக்கும்?

போன மாதம் எங்கள் வகுப்பில் 'உடை' என்ற தலைப்பில் செல்போனில் மூன்று நிமிடப் படம் எடுக்கச் சொன்னார்கள். அதற்கு யோசனை தேடி நாங்கள் அலைந்த கதையையும், அதில் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். அடுத்த வருடம் எடுக்கப்போகும் எட்டாம் வகுப்புக்காரர்கள் கவனமாகப் படிக்கவும்.

ஃபேஷன் படம் என்றால் அதில் கதை கொஞ்சம்தான். உடைதான் கதாநாயகி. துணி எப்படி அசைகிறது, அதை எப்படிக் கட்டுகிறார்கள், கட்டியவர் எப்படி நடக்கிறார் என்று காட்டவேண்டும். துணிக் கம்பெனிகள் விளம்பரத்துக்காக எடுப்பார்கள். ஃபேஷன் டிசைன் படிக்கும் கல்லூரி மாணவர்களும் எடுப்பார்கள்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். டிவியில் வருகிற மாதிரி வரிசையாக நடந்து வரலாம் என்று முடிவு செய்தோம். டிரஸ் வாடகைக்கு எடுக்க ஆளுக்கு 150 ரூபாய். மறுநாள் நான் வயிற்றுவலி என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். எனக்கு வயிற்றுவலி எல்லாம் இல்லை. 150 ரூபாய் வீட்டில் கேட்க முடியாது, அவ்வளவுதான். என் குழுவினருக்கே இது இப்போதுதான் தெரியும். கோபப்படாதீர்கள்.

டீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பீரியடில் எல்லோருக்கும் பானு அதையா என்பவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் 1929இல் மகாராஷ்டிராவில் கோலாப்பூரில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்து, பெண்கள் பத்திரிகைக்கு உடைப் படங்கள் வரைந்தார். பிறகு சினிமாவுக்கு உடை அமைக்க வந்தார். 'காந்தி' படத்துக்காக 1983இல் ஜான் மோலோ என்பவரோடு சேர்ந்து ஆஸ்கர் விருது வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். (நான் ஏ.ஆர். ரகுமான் என்று நினைத்திருந்தேன். அவர் வாங்கியது 2009இல்.) 2020இல் இறந்துபோனார்.

அவர் யோசனை தேடிய விதம்தான் எனக்குப் பிடித்தது. 1966இல் வந்த 'ஆம்ரபாலி' என்ற இந்திப் படத்தில் நம்ம சென்னை வைஜயந்திமாலா நடித்தார். புத்தர் காலத்து வைசாலி நகர நடனப்பெண்ணின் கதை. அந்தக் காலத்து உடையை யார் பார்த்தது? போட்டோவா இருக்கிறது? பானு அதையா அஜந்தா குகைக்குப் போய் ஓவியங்களில் இருந்த பெண்கள் என்ன கட்டியிருக்கிறார்கள், எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். அஜந்தா ஓவியங்கள் அந்தக் கதைக்குப் பல நூற்றாண்டு பிந்தியவைதான். இருந்தாலும் படம் பார்க்கிறவர்களுக்கு அது பழைய காலம் என்று நம்பிக்கை வந்துவிடும்.

'காந்தி' படத்தில் முதலில் கோட்டு சூட்டு, கடைசியில் அரைவேட்டி. வசனம் பேசாமலே ஒரு மனுஷன் மாறியது தெரிந்துவிடுகிறது. காந்தி நிஜத்தில் அரைவேட்டிக்கு மாறியது நம்ம மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது.

"அஜந்தாவுக்குப் போக வேண்டாம். ஒரு வாரம் உங்க வீட்டையே பாருங்க. யாரு என்ன கட்டுறாங்க, ஏன் அப்படிக் கட்டுறாங்கன்னு நோட்டுல எழுதுங்க" என்றார்கள் டீச்சர்.

நானும் எழுதினேன். எங்க அப்பாவின் துண்டு ஒரே நாளில் தலைப்பாகை, சும்மாடு, விசிறி, தலையணை, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஆனது. அம்மா சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டுச் சில்லறை வைப்பதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை.

அப்புறம் அப்பத்தா. அப்பத்தா இன்னும் பின்கொசுவம் வைத்துத்தான் கட்டும். கொசுவம் முன்னால் இல்லாமல் பின்பக்கம் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். ஏன் இப்படி என்று கேட்டேன். "நாத்து நடக் குனியிறப்ப முன்னாடி கொசுவம் இருந்தா சேத்துல விழுமா விழாதா? காலத் தூக்கி வரப்புல வைக்க வேணாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் நாற்று நட்டதே இல்லை.

அதனிடம் ஒரு பழைய கண்டாங்கி இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் நெய்கிற கட்டம் போட்ட பருத்திச் சேலை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கும் மஞ்சளுமாக, தண்ணீரில் அலசினால் தூக்க முடியாத கனம்.

இதைக் குழுவில் சொன்னதும் நால்வரும் வாடகை டிரஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலை ஆறரை மணி வெயில் சாய்வாக விழும்போது எடுத்தோம். போனை அம்மிக்கல்மேல் சாய்த்து வைத்தோம், கை ஆடவில்லை. அப்பத்தா சேலையை உதறிய சத்தம் 'படார்' என்று விழுந்தது. அதனால் பாட்டுப் போடவில்லை. கொசுவம் மடிக்கும் விரல்களைப் பக்கத்தில் வைத்து எடுத்தோம். நடுவில் ஒரு கோழி வந்தது, அதையும் வெட்டவில்லை. செலவு ஒரு பைசா இல்லை.

எடுத்ததைப் போட்டுக் காட்டினோம். "கையும் முதுகுந்தானடி தெரியுது, எம் மொகம் எங்க?" என்று அப்பத்தா கோபித்துக்கொண்டுச்சு. ஞாயிற்றுக்கிழமை முகத்தையும் எடுக்கப்போகிறோம்.