ஆறு வருட அனுபவமும் ஒரு பதிவு எண்ணும்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 29. ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். ஓராண்டு நர்சிங் அசிஸ்டெண்ட் சான்றிதழ் வாங்கி, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை. "நேத்து வந்த ஸ்டாஃப் நர்ஸுக்கு வார்டு வேலையெல்லாம் சொல்லிக்கொடுக்கறது நான். சம்பளத்துல மட்டும் அவங்க எங்கேயோ இருக்காங்க" என்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போதெல்லாம் மனம் குமைகிறதாம். இப்போது ஒரு பயிற்சி நிலையம் 'அட்வான்ஸ்டு நர்சிங் டிப்ளமா' என்று ஆறு மாதப் படிப்புக்குப் பணம் கேட்கிறது. கட்டலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள்.

நம் நாட்டில் அசிஸ்டெண்டாக எத்தனை வருடம் உழைத்தாலும் அது நர்ஸ் படிப்பில் ஒரு நாளாகக்கூடக் கழியாது. இது எனக்கும் பிடிக்காத உண்மைதான். சம்பளத்தைப் பிரிக்கும் கோடு கைத்திறமை அல்ல, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில் தரும் பதிவு எண். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. ஆகவே எந்த நிலையத்துக்குப் போனாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை முடித்தால் கவுன்சிலில் எந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறும்?" பதிலாக "அரசு அங்கீகாரம் உண்டு" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டிரஸ்ட்டைப் பதிவு செய்த காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி அதையே அங்கீகாரம் என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சிலின் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்' சான்றிதழைக் குறை சொல்லவில்லை. அசிஸ்டெண்ட் வேலைக்கு அது நல்ல காகிதம்தான். ஆனால் அது உங்களை நர்ஸ் ஆக்காது.

பதிவேட்டில் ஏறும் வழிகளில் சிறியது ஏ.என்.எம். எனும் துணைச் செவிலியர் படிப்பு, இரண்டு ஆண்டு, பெண்களுக்கு மட்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கணக்குப்பதிவியல், வணிகம் படித்தவர்களும் சேரலாம். அடுத்தது ஜி.என்.எம். எனும் செவிலியர் டிப்ளமா, மூன்று ஆண்டு. ப்ளஸ் டூவில் மொத்தமாக 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தனியாக 40 சதவீதமும் வேண்டும். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. அரசுப் பள்ளிகளின் சேர்க்கை விதி இதைவிடக் கறாராக இருக்கலாம், அந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்ஸி. பட்டம். நேராக நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும்.

வயதுக் கணக்கைக் கவனியுங்கள். ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் உச்ச வரம்பு 35. ஆனால் ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேர வயது வரம்பே கிடையாது. குழந்தை, கடன் என்று நாள் தள்ளிப் போகும் பெண்களுக்கு இந்தப் பக்கவாசல் எவ்வளவு பெரிது என்று பலருக்குத் தெரிவதில்லை. 29 வயதில் இரண்டு வருடம் ஏ.என்.எம். படித்து, கொஞ்சம் சம்பாதித்து, 37-இல்கூட ஜி.என்.எம். வகுப்பில் உட்காரலாம். ஏ.என்.எம். படிப்புக்கு அரசு வேலையும் உண்டு: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2023 அக்டோபரில் 2,250 கிராம சுகாதார செவிலியர் இடங்களுக்கு விளம்பரம் செய்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏ.என்.எம்.மும் ஜி.என்.எம்.மும் தபாலில் படிப்பவை அல்ல. நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கே மருத்துவமனைப் பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம். படிப்புக் காலத்துக்கு வீட்டுச் செலவுக்கு வழி பண்ணிவிட்டுச் சேருங்கள். உங்கள் மருத்துவமனையே படிக்க வைக்கிறேன் என்றால் நல்லது. பாண்டு எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

தியேட்டர், அனஸ்தீஷியா, டயாலிசிஸ் டெக்னீஷியன் பக்கமும் போகலாம். ஆனால் பெரும்பாலும் உயிரியல் கேட்பார்கள். 2021-இல் இத்துறைக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டதால் அங்கேயும் அங்கீகாரம் பார்த்தே சேர வேண்டும்.

படிக்கவே முடியாத நிலை என்றால் உங்கள் ஊரே ஒரு வாய்ப்பு. பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பழகின கை வேண்டும். டியூப் வழியாக உணவு கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுவது, மறதி நோய்க்காரரிடம் பொறுமையாகப் பேசுவது, இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. முதல் நாளே எழுதி வாங்குங்கள்: 12 மணி நேரமா 24 மணி நேரமா, வாரத்தில் எந்த நாள் விடுப்பு, சமையலும் துணி துவைப்பதும் யார் வேலை. பி.பி., சுகர், சிறுநீர் அளவை ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். "ஒரு ஊசி போட்டுடும்மா" என்று மாமி கேட்பார்; மறுத்துவிடுங்கள். ஏதாவது ஆனால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

வெளிநாடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'நர்ஸ் வேலை' என்று சொல்லி வீட்டுவேலை விசாவில் ஏற்றிவிடும் ஆட்கள் உண்டு. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வளைகுடா நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி. தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மற்ற வேலைகளுக்கு உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் பேசினால் விலகிவிடுங்கள்.

கடிதத்தில் ஒன்றை எழுத மறந்துவிட்டீர்கள், உங்கள் ப்ளஸ் டூ ஆங்கில மதிப்பெண். உங்கள் காலத்தில் ஒரு பாடத்துக்கு 200. எழுபது எடுத்தால் பாஸ். ஆனால் ஜி.என்.எம். கேட்கும் 40 சதவீதம் என்றால் 80. சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எண்பதுக்குக் குறைவென்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவை மறுபடி எழுதலாம், அதை நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. எழுதுவதுதான் எழுதுகிறீர்கள், உயிரியல் குரூப்பாகவே செய்முறையோடு எழுதிவிடுங்கள்.