ஸ்டோரில் சூடு பார்க்கும் கருவி: எதைத் தெரிவு செய்வது, எப்படிச் சோதிப்பது?



மழையிலும் வெயிலிலும் மலை ஏறி நீங்கள் பறிக்கும் கொழுந்து, ஸ்டோரில் சூடு தவறினால் அரை மணி நேரத்தில் கெட்டுப் போகும். சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு உள்ளதுதான் வெப்பமானி. ஸ்டோரில் வேலை செய்வோருக்கும், நாளை அந்த வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று அதைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

எங்கே எவ்வளவு சூடு?

கொழுந்து வாட்டும் மாடியில் அடிக்கும் காற்று 35 பாகை செல்சியசுக்கு மேலே போகக் கூடாது. வழக்கமான ட்ரையரில் உள்ளே போகும் காற்று 90 முதல் 100 பாகை வரை இருக்கும். தேயிலையைக் காய வைத்துவிட்டு வெளியே வரும் காற்று 50 முதல் 55 பாகை அளவில் இருக்க வேண்டும். வெளிக்காற்றின் சூடு குறைந்தால் தேயிலை காயாமல் அவிந்து போகும். கூடினால் மேலே காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். அப்படிப்பட்ட தூள் பெட்டியில் இருக்கும்போதே பழுதாகும். சரியாகக் காய்ந்த தூளில் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான் ஈரம் இருக்கும்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. அளவு எல்லை. நாம் பார்க்கும் சூடு முகப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ட்ரையரின் உள்காற்றுக்கு 0 முதல் 200 வரை உள்ளது பொருந்தும். வெளிக்காற்றுக்கு 0 முதல் 100 வரை போதும். வாட்டும் மாடிக்கு 0 முதல் 50 வரை உள்ளதே நல்லது. அங்கே ஒரு பாகை வித்தியாசமும் முக்கியம். "பெரியதாக ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று நினைப்பது தவறு.

2. தண்டின் நீளம். முள் உள்ள வட்ட வெப்பமானியில் இரண்டு வகை உலோகம் ஒட்டிய சுருள் தண்டின் நுனியில் இருக்கிறது. சூட்டில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் முள் திரும்புகிறது. எனவே நுனி காற்றோட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். தகட்டில் முட்டி நின்றால் தகட்டின் சூட்டைத்தான் காட்டும்.

3. பாகை எது? பழைய கருவிகள் பலவற்றில் பரனைட் அளவு இருக்கும். 205 பரனைட் என்பது 96 செல்சியஸ். முகப்பில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வாசித்தால் வேலை கெட்டது.

4. இரசம் வேண்டாம். இரசம் உள்ள கண்ணாடி வெப்பமானி உடைந்தால் நஞ்சு தேயிலையில் கலக்கும். இரசத்தின் பாவனையைக் குறைக்க 2013ஆம் ஆண்டு மினமாட்டா என்ற உலக உடன்படிக்கை உண்டானது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் இரசக் குழாய் உடைந்தாலும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி வைத்து, ஜன்னலைத் திறந்து, துளிகளைத் தடித்த தாளில் எடுத்து, மூடியுள்ள போத்தலில் இடுங்கள்.

5. உலையின் புகைக்குழாய்க்கு வேறு கருவி. அங்கே சூடு சில நூறு பாகை போகும். அதற்கு மின்கம்பி வகை வெப்பமானியே ஏற்றது.

சரியா என்று பார்ப்பது எப்படி?

நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் நுனியை வைத்தால் 0 காட்ட வேண்டும். பிறகு கொதிக்கும் நீரில், பாத்திரத்தின் அடியில் முட்டாமல், வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 100 காட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் நம்ம மலைநாட்டில் அப்படியில்லைங்க! உயரம் ஏற ஏற, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பதுளை நகரில் சுமார் 98, பண்டாரவளையில் 96, அப்புத்தளையில் 95 பாகை. அப்புத்தளையில் கருவி 95 காட்டினால் அது பழுதில்லை, சரியாக இருக்கிறது. 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். சோதனையை ஆவி முகத்தில் படாமல், டீமேக்கரின் அனுமதியோடு செய்யுங்கள்.

வாட்டும் மாடிக்கு இரண்டு

வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானி சேர்ந்து தொங்கும். ஒன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் காற்று எவ்வளவு உலர்ந்தது என்று சொல்லும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் காய்ந்த காற்று வீசும்போது வித்தியாசம் தானாகவே பெருகும். அப்போது விறகை எரித்துச் சூடேற்றத் தேவையில்லை. துணி அழுக்கானாலோ காய்ந்தாலோ கணக்குப் பொய்யாகும். தினமும் சுத்தமான நீர் ஊற்றுங்கள்.

முள் அசையாமல் நின்றாலோ, கண்ணாடி உடைந்தாலோ, "நமக்கென்ன" என்று விடாமல் உடனே டீமேக்கரிடம் சொல்லுங்கள். ட்ரையரில் சூடு மிஞ்சினால் தூள் கருகும், தீயும் பிடிக்கலாம். அந்த முள்ளை நம்பி நிற்பது தூள் மட்டுமல்ல, பக்கத்தில் வேலை செய்யும் நம் ஆட்களின் உயிரும்தான்.