விஞ்ஞானி சாமி கும்பிடுவாரா?

போன மாதம் நம் சமய வகுப்பில் படிவம் ஐந்து படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, அறிவியல் படிச்சா சாமி நம்பிக்கை போயிடுமாமே, உண்மையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நானும் அறிவியல் பிரிவுதான். ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் முன் நெற்றித் திருநீற்றை அழித்த நாள் உண்டு. அதனால் தேடிப் படித்தேன்.

1914-இல் ஜேம்ஸ் லூபா என்ற உளவியலாளர் அமெரிக்க விஞ்ஞானிகள் 1,000 பேரிடம் கருத்துக் கேட்டார். பதில் தந்தவர்களில் சுமார் 42 விழுக்காட்டினர் கடவுளை நம்பினார்கள். கல்வி பெருகினால் நம்பிக்கை குறையும் என்று லூபா கணித்தார். 1996-இல் எட்வர்ட் லார்சனும் லேரி விதமும் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். விடை சுமார் 39 விழுக்காடு. எண்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை!

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களிடம் அதே இருவர் கேட்டு 1998-இல் வெளியிட்ட கணக்கில், நம்பியவர்கள் 7 விழுக்காடே. நமக்குப் பிடிக்காத எண்ணையும் மறைக்கக் கூடாது, இல்லையா?

இப்போது கேள்வியையே கவனியுங்கள். லூபா கேட்டது, வேண்டுதலுக்குப் பதில் தரும் கடவுளைப் பற்றி மட்டும். குணம் கடந்த பிரம்மமே உண்மை என்று சொல்லும் அத்வைதி இதற்கு என்ன பதில் எழுதுவார்? "இல்லை" என்ற கட்டத்தில் அவர் விழுந்துவிடலாம். ஆக, கேள்வி மாறினால் எண்ணும் மாறும்.

அடுத்து, சமூகவியலாளர் எலைன் எக்லண்ட் அமெரிக்காவின் 21 முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்தார். அங்குள்ள விஞ்ஞானிகளின் இன்றைய நம்பிக்கையோடு அதிகம் தொடர்புடையது அவர்கள் வளர்ந்த வீடு என்று கண்டார். சமயப் பற்றில்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்களில் அதிகம். அறிவியல்தான் எல்லாரின் நம்பிக்கையையும் பறித்தது என்று சொல்லிவிட முடியாது.

தம்பிக்கு இப்போது என் பதில்: "பாடம் படிச்சதால மட்டும் நம்பிக்கை போயிடாதுடா. ஏன் கும்பிடுறோம்னு கேட்காமலே வளர்ந்தா, அது தானா மெலிஞ்சிடும்."

வகுப்பில் பேச:
1. நீங்கள் நம்பும் கடவுள் எப்படிப்பட்டவர்?
2. அதை உங்கள் வீட்டில் யாரிடம் கடைசியாகக் கேட்டீர்கள்?