பிசிறு வெட்டிய வயரிங்: நின்று கிடக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு சார்ஜிங் சாக்கெட்

"தம்பி, வண்டி செல்ஃப் எடுக்க மாட்டீங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

திருப்பூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் போன் இது. போய்ப் பார்த்தால், தினமும் ஓடும் இன்னோவாவுக்குப் பின்னால் உறை போட்டு மூடிய இரண்டு கதவு கார் ஒன்று நிற்கும். பனியன் ஏற்றுமதி செய்யும் முதலாளி, பையரைப் பார்க்க ஐரோப்பா போய்விட்டு வந்திருப்பார். வந்த கையோடு ஷிப்மென்ட் நெருக்கடி. அந்தக் காரின் சாவியைத் தொட்டு ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். (நம் ஊர் வேகத்தடைகளையும் தோண்டிப் போட்ட ரோடுகளையும் பார்த்தால், தரையை உரசி ஓடும் கார் வெளியே வரத் தயங்குவதில் தப்பே இல்லை.)

ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அடுத்த மாதம் அதே போன் வரும். மூன்றாவது தடவை உங்களுக்கு வராது, கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போகும். முதல் போனிலேயே, "அண்ணா, இதுக்கு நிரந்தரமா ஒரு சார்ஜிங் சாக்கெட் வெச்சுத் தந்தர்றனுங்க" என்று சொல்லத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது. பொருள் சின்னதுதான். பாட்டரியிலிருந்து இரண்டு வயர், நடுவில் ஒரு ஃபியூஸ், முனையில் மூடி போட்ட சாக்கெட். ஷெட்டுக்குள் வந்ததும் சுவரில் இருக்கும் சார்ஜரின் பிளக்கை அதில் செருகினால் போதும். பானெட் திறக்க வேண்டாம், கிளிப் மாட்ட வேண்டாம். எலெக்ட்ரிக் கார் சார்ஜிங் வேறு, இது வேறு என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் காரின் 12 வோல்ட் பாட்டரியைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

முதலில் மீட்டர், பிறகு ஸ்பேனர்

நிறுத்திப் பூட்டிய காரும் கரண்ட் குடிக்கும். ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் ரிசீவர், அலாரம், கடிகாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்தால் அது பொதுவாகச் சாதாரணம். கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், 30 நாளில் 36. எழுபது ஆம்பியர் ஹவர் பாட்டரியில் பாதி போய்விட்டது. பழுது ஒன்றுமே இல்லாத காருக்கு இந்த நிலை. இதற்கு மேல் வெயில் இருக்கிறது. பாட்டரி தானாக இறங்கும் வேகம், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தகரக் கூரை ஷெட்டில் ஏப்ரல், மே மாதங்களில் நிற்கும் காருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில மணி நேரம் ஓய்வில் இருந்த பாட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பாட்டரி "எறங்குறது" வேறு, "சாகுறது" வேறு என்று முதலாளிக்கு விளக்க இந்த மூன்று எண்கள் போதும்.

சாக்கெட் வைப்பதற்கு முன் கார் எவ்வளவு இழுக்கிறது என்று கட்டாயம் அளக்க வேண்டும். மில்லி ஆம்பியர் டி.சி. அளக்கும் டாங் டெஸ்டர் இருந்தால் வயரைக் கழற்றவே தேவையில்லை. காரைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு 20 முதல் 40 நிமிடம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் உடனே அடங்காது. அவசரத்தில் அளந்தால் ஆம்பியர் கணக்கில் காட்டும், வண்டியில் பெரிய கோளாறு என்று நீங்களும் பயந்து அவரையும் பயமுறுத்துவீர்கள். அடங்கிய பிறகும் 200, 300 மில்லி ஆம்பியர் காட்டினால் சாக்கெட் பேச்சையே எடுக்காதீர்கள். வெளியில் மாட்டிய டேஷ் கேமரா, ஜி.பி.எஸ்., ஆம்ப்ளிஃபையர் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் திருடன். அதைப் பிடிக்காமல் சார்ஜர் மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்குக் குழாயைத் திறந்துவிட்ட கதை. அளந்ததற்குத் தனியாகக் கூலி கேளுங்கள். பார்த்ததற்குக் காசு வாங்கக் கூச்சப்படுவது நம் பட்டறைகளின் பழைய வியாதி.

வயரை எங்கே வெளியே எடுப்பது

இந்த வேலையில் மூளை செலவாகும் இடம் இதுதான். போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பின்னால், பாட்டரி முன்பக்க டிக்கியில். அந்த டிக்கி மூடியின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. பாட்டரி செத்தால் மூடி திறக்காது, மூடி திறக்காவிட்டால் பாட்டரியைத் தொட முடியாது. இதற்காகவே 997, 991 வரிசைக் கார்களில், கால் வைக்கும் இடத்திலுள்ள ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கிற மாதிரி ஒரு பிளஸ் முனை வைத்திருக்கிறார்கள். அதில் வெளிப் பாட்டரியின் பிளஸ்ஸையும், உடலில் மைனஸையும் கொடுத்தால் பூட்டு மட்டும் திறக்கும். பூட்டைத் திறக்கத்தான் அது, வண்டியை ஸ்டார்ட் செய்ய அல்ல. ஆக இந்தக் காருக்கு டிக்கிக்குள்ளேயே சாக்கெட் வைத்தால் வேலை பாதிதான். வயர் வெளியே வர வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. இசட்4 போன்றவற்றில் பாட்டரி பின் டிக்கியில் இருக்கும். மஸ்டாங்கில் பானெட்டுக்குள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பம்பரின் கீழ் ஜாலி வழியாக எடுக்கலாம், நம்பர் பிளேட் பக்கம் எடுக்கலாம், டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கும் கொண்டுவரலாம். என்னைக் கேட்டால், டிரைவர் கதவைத் திறக்கும்போது கண்ணில் படுகிற இடமே நல்லது. பின்னால் ஒளித்து வைத்தால் பிளக் மாட்டியிருப்பதை மறந்து வண்டியை எடுப்பார்கள், சார்ஜரும் கூடவே ஊர்வலம் வரும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலேயே சார்ஜ் போடலாமே என்று கேட்பார்கள். சில கார்களில் முடியும். ஆனால் பல கார்களில் சாவியை எடுத்ததும், அல்லது கொஞ்ச நேரம் கழித்து, அந்த சாக்கெட் துண்டிக்கப்பட்டுவிடும். அந்தக் காரின் கையேட்டைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்.

பாடியில் துளை போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட் வழியாகத்தான் வயர் போக வேண்டும். இழுத்துச் செல்லும் பாதையில் கீல், ஸ்டீயரிங், சூடாகும் பைப் எதுவும் உரசக் கூடாது. முழு நீளத்துக்கும் ஸ்லீவ் போடுங்கள். நம் ஷெட்டுகளில் எலி இல்லாத ஷெட் எது?

பிளஸ்ஸில் ஃபியூஸ், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். சாக்கெட் பக்கம் ஃபியூஸ் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் வயர் நசுங்கினால் அந்த ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். 5 ஆம்பியர் சார்ஜருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் தாராளம். மைனஸை பாட்டரி முனையில் நேரடியாகக் கொடுக்கும் முன், அங்கே சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பி.எம்.டபிள்யூ. முதலான பல கார்களில் பாட்டரிக்குள் போய்வரும் கரண்டை அது எண்ணிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி முனையில் கொடுத்தால் சார்ஜ் ஏறியதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாடியிலுள்ள எர்த் போல்ட்டில் கொடுங்கள்.

பாட்டரியைக் கழற்ற நேர்ந்தால் மைனஸ் முதலில் வெளியே, கடைசியில் உள்ளே. கதவில் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத கார் என்றால் இன்னொன்று: கதவைத் திறக்கும்போது கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கும், மூடியதும் ஏறும். கரண்ட் இல்லாதபோது அது இறங்காது. அந்த நேரத்தில் கதவை அறைந்து சாத்தினால் உங்கள் ஒரு மாத வருமானம் அந்தக் கண்ணாடிக்குப் போகும்.

பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 415 வோல்ட்டில் பழகிய கைக்கு 12 வோல்ட் விளையாட்டாகத் தெரியும். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஸ்பேனர் பிளஸ்ஸையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் சிவக்கும். கை காப்பையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

லக் அடிக்க நல்ல கிரிம்பிங் டூல் வாங்குங்கள். ஸ்கேனர் வாங்கக் கடன் தேடுவதற்கு முன்னால் இதை வாங்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கி, மேலே டேப் சுற்றிய ஜாயின்ட் இரண்டு மழைக்காலம் தாங்காது. முடித்த வேலையைப் பிசிறு வெட்டிய பீஸ் மாதிரி ஒப்படைக்க வேண்டும். பீஸை உள்பக்கம் திருப்பிப் பார்த்தே பழகிய ஊர் இது. முதலாளி மூடியைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு நூல் தொங்கினால் கண்டுபிடித்துவிடுவார்.

சார்ஜர்

சார்ஜர் தானாக நிலை மாற்றுவதாக இருக்க வேண்டும். சாதாரண ஈய-அமில பாட்டரிக்கு சுமார் 14.4 வோல்ட், ஏ.ஜி.எம். வகைக்கு சுமார் 14.7 வரை ஏற்றிவிட்டு, நிறைந்ததும் 13.6 பக்கம் இறங்கி நிற்க வேண்டும். அப்படிப்பட்டதுதான் மாதக்கணக்கில் மாட்டியே இருக்கலாம். பாட்டரிக் கடையின் பழைய பூஸ்ட் சார்ஜரைக் காரில் இருக்கும் பாட்டரிக்குக் கொடுக்கவே கூடாது, உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ஆபத்து. பாட்டரியின் லேபிளையும் படியுங்கள். 2010 வாக்கில் போர்ஷே சில மாடல்களுக்கு விருப்பத் தேர்வாக லித்தியம் பாட்டரி கொடுத்தது, எடை 6 கிலோவுக்கும் குறைவு. அந்த வகைக்கு லித்தியத்துக்கான சார்ஜர்தான் வேண்டும். சல்பேட் உடைக்கும் மோடை அதில் போட்டால் பாட்டரி வீண்.

ஸ்வீடன் நாட்டு சீடெக் கம்பெனியின் பிளக் ஒரு மாதிரி, மோட்டார் சைக்கிள்களில் பரவலான இரட்டை முனை எஸ்.ஏ.இ. பிளக் வேறு மாதிரி. சார்ஜரைப் பார்த்த பிறகே சாக்கெட் வாங்குங்கள். எஸ்.ஏ.இ. என்றால் பாட்டரிப் பக்கத்தில் ரப்பருக்குள் மறைந்திருக்கும் முனைதான் பிளஸ். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மைனஸ். மாற்றிப் போட்டால் எந்த இரும்பிலாவது பட்டுப் பொறி பறக்கும்.

திருப்பூருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. பல கம்பெனிகளில் கார் ஷெட்டும் கட்டிங் வேஸ்ட் அடுக்கும் இடமும் ஒன்றுதான். பஞ்சுத் துகள் காற்றோடு வந்து சார்ஜரின் காற்றுத் துளையை அடைத்துக்கொள்ளும். துணி மூட்டை மேல் சார்ஜரை வைப்பது தீயை அழைப்பது. சுவரில், மூட்டைகளிலிருந்து தள்ளி, இடுப்பு உயரத்தில் திருகி மாட்டுங்கள். அந்த பிளக் பாயின்ட்டுக்கு எர்த் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலையில் சேர்ந்தது.

அப்ரூவல் வாங்குங்கள்

ஏற்றுமதியாளருக்கு நன்றாகப் புரிகிற மொழி சாம்பிள் அப்ரூவல்தான். வேலையைத் தொடங்கும் முன் சாக்கெட் வரப்போகும் இடத்தில் டேப் ஒட்டிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவர் "ஓகே" என்று எழுதிய பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். வாரன்டியில் இருக்கும் கார் என்றால், சர்வீஸ் சென்டரில் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொள்ளும் உதிரிபாகத்தை மட்டும் பொருத்துங்கள், அல்லது அவர்களையே செய்யச் சொல்லுங்கள். காரின் சொந்த வயரிங்கில் எங்கேயும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வந்த தடமே இல்லாமல் போக வேண்டும். பிற்பாடு காரை விற்கும்போது அவர் உங்களை நினைப்பது அதற்காகத்தான்.

ஒப்படைக்கும்போது ஒரு பக்கத் தாளில் தேதி, வேலைக்கு முன்னும் பின்னும் வோல்ட், தூங்கும்போது இழுக்கும் மில்லி ஆம்பியர், ஃபியூஸ் இருக்கும் இடம், அதன் அளவு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். ஆடிட்டுக்கு ஃபைல் காட்டியே பழகிய ஊரில் அந்தத் தாளுக்கு நீங்கள் நினைப்பதை விட மரியாதை அதிகம். டிரைவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிளக் செருகப் போகிறவர் அவர்தான். காரில் முதலில் பிளக், பிறகு சுவரில் சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்ச் முதலில்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் சில சார்ஜர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில, யாராவது பட்டனை அழுத்தும் வரை சும்மா இருக்கும். முதலாளி வெளிநாட்டில் இருக்கும்போது யார் அழுத்துவது? அதனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதிக்கு எந்தத் தேதி என்று பேப்பரில் பார்த்து வையுங்கள். அன்று சாயங்காலம் கரண்ட் வந்ததும் டிரைவருக்கு ஒரு போன் போடுங்கள்: "அண்ணா, சார்ஜர்ல பச்சை லைட் எரியுதுங்களா?"