எந்தக் கணினி வாங்கலாம்?

நவி மும்பையின் கோபர்கைரனேயில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கணினி வாங்கித் தருவதாகத் தந்தை பிள்ளைகளிடம் கூறியிருந்தார்.

“மேக் வாங்கலாம் அப்பா! காணொலிகளைத் தொகுக்க அது மிக ஏற்றது” என்றான் மகன்.

“விண்டோஸ் கணினியே போதும் அப்பா. குறைந்த விலையிலும் கிடைக்கும், எங்கள் பள்ளியிலும் அதுவே உள்ளது” என்றாள் மகள்.

தந்தை அலமாரியிலிருந்து ஒரு விரலியை எடுத்தார். “மறைந்த உங்கள் தாத்தா 2001 ஆம் ஆண்டில் தட்டச்சுச் செய்த நம் குடும்ப வரலாறு இதில் உள்ளது. இதனைத் திறந்து காட்டும் கணினியையே வாங்குவோம்” என்றார்.

அண்டை வீட்டார் இருவரிடம் அவ்விரு வகைக் கணினிகளும் இருந்தன. இரண்டிலும் திறந்து பார்த்தனர். இரண்டிலும் பொருளற்ற குறிகளே தோன்றின. பிள்ளைகள் திகைத்தனர்.

காரணம் யாது? கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. அக்காலத்தில் பல எழுத்துருக்கள் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண்களை அமைத்துக்கொண்டன. ஆகவே, ஓர் எழுத்துருவில் எழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் படிக்க இயலவில்லை. இக்குழப்பத்தை நீக்க அறிஞர்கள் பலர் முயன்றனர். 1999 ஆம் ஆண்டு சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடைபெற்றது. ‘தமிழ்99’ விசைப்பலகை அதன் பயனாகும். அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்துள்ளன.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி, 1991 ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்தது. அதில் ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. எந்தக் கணினியிலும் இவ்வெண்கள் மாறா. விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவுடன் தமிழை ஏற்றது. 2005 இல் வெளிவந்த மேக் இயங்குதளத்தில், மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு இடம்பெற்றது. 2010 இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

தாத்தாவின் கோப்பைக் குறியாக்க மாற்றி என்னும் மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றினர். இப்போது இரு கணினிகளிலும் அது தெளிவாகத் தெரிந்தது. தாத்தாவின் தந்தை திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த செய்தியை அனைவரும் ஒன்றாக அமர்ந்து படித்தனர்.

“எந்தக் கணினியிலும் தமிழ் உண்டு; நம் தேவைக்கும் கையிருப்புக்கும் ஏற்றதை வாங்குவோம்” என்றாள் மகள். மகனும் இசைந்தான். விண்டோஸ் கணினி வீட்டுக்கு வந்தது. தாத்தா நிறுத்திய இடத்திலிருந்து குடும்ப வரலாற்றின் அடுத்த பகுதியை மகள் எழுதத் தொடங்கினாள்.

சொற்பொருள்
விரலி – பென் டிரைவ்
ஒருங்குறி – யூனிகோடு
கையிருப்பு – கையில் உள்ள பணம்

பயிற்சி
1. தாத்தாவின் கோப்பு முதலில் இரு கணினிகளிலும் தெரியாததற்குக் காரணம் யாது?
2. ‘அவ்வெழுத்துரு’ – பிரித்து எழுதுக.
3. உம் குடும்பத்தார் மும்பைக்கு வந்த வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் கணினியில் தட்டச்சுச் செய்க.